கறுத்த ஆடும் ஒரு கடதாசித் துண்டும்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. குசினிக்குப் பின்னால் குப்பை வாளிகள் வைக்கிற இடத்தில், சிகரெட் பத்திக்கொண்டு நின்ற அண்ணை ஒருவர் பழைய பேப்பரில் வந்த ஒரு படத்தை எனக்குக் காட்டினார். சிவப்பு நிலத்தில் வெள்ளைச் சிலுவை. அதன்மேல் மூன்று வெள்ளை ஆடுகள். அதில் ஒன்று பின்னங்காலால் உதைத்து ஒரு கறுத்த ஆட்டைக் கொடிக்கு வெளியே தள்ளுகிறது. 2007 தேர்தல் காலத்தில் எஸ்.வி.பி என்கிற சுவிஸ் மக்கள் கட்சி ஒட்டிய சுவரொட்டி.

"உதிலை கறுத்தது ஆர் தெரியுமே தம்பி? நாங்கள்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரே அவர்தான், சிரிக்காமல் என்ன செய்ய.

நான் சுவிசுக்கு வந்தது 2008இல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவன். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையைப் பூட்டினதோடு என் படிப்பும் இரண்டாம் வருசத்தில் பூட்டுப்பட்டுப் போனது. இங்கே வந்து கோப்பை கழுவி, பிறகு சலாட் வெட்டி, இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். வரலாறு என்றால் சங்கிலியனும் ஒல்லாந்தரும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பெண்ணின் வதிவிட அட்டைக்குள்ளும் வரலாறு கிடக்கிறது என்று விளங்கக் கன காலம் எடுத்தது. அந்த அட்டையின் கதையைத்தான் எழுதப் போகிறேன். அதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. அதை ஒளிக்கப் போவதில்லை.

முதலில் கொஞ்சம் பின்னுக்குப் போவம்.

சுவிஸ் என்றால் ஐரோப்பா, ஐரோப்பா என்றால் பெண்களுக்கு எல்லா உரிமையும் என்றுதான் ஊரில் இருந்தபோது நினைத்திருந்தேன். இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971 பெப்ரவரி 7இல். 1959இல் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்கள், வாக்களித்த ஆண்களில் மூன்றில் இரண்டு பேர் மாட்டோம் என்று விட்டார்கள். அப்பன்செல் இன்னர்றோடன் என்ற சின்னக் கன்ரோனில் சமஷ்டி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், 1990இல், பெண்களுக்குக் கன்ரோன் வாக்கு கிடைத்தது. இலங்கையில் 1931இலேயே பெண்கள் வாக்குப் போட்டார்கள். (இதை வேலைத்தலத்தில் சுவிஸ்காரருக்குச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். பிறகு போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் வேலையைப் பார்ப்பார்கள்.)

திருமணச் சட்டமும் அப்படித்தான். 1912இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டத்தின்படி குடும்பத்தின் தலைவர் கணவர். எங்கே குடியிருப்பது என்று தீர்மானிப்பவர் அவர். மனைவி வேலைக்குப் போவதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். இதை மாற்றிப் புருசன் பெண்சாதி இருவரும் சமம் என்று பாராளுமன்றம் சட்டம் எழுதியபோது, அதை எதிர்த்துச் சர்வசன வாக்கெடுப்புக்குக் கொண்டுபோன குழுவை நடத்தியவர் எஸ்.வி.பி அரசியல்வாதி கிறிஸ்தோப் புளோக்கர். 1985 செப்ரெம்பர் 22இல் 54.7 வீதம் பேர் புதிய சட்டத்துக்கு ஆம் என்றார்கள். 1988 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புளோக்கருடைய பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கோ, திரும்பவும் வருவார்.

இனிப் பாலியல் வல்லுறவு. 1942இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில், கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவது வல்லுறவு ஆகாது. சட்டத்தின் வரைவிலக்கணத்திலேயே திருமணத்துக்கு வெளியே என்று இருந்தது. 1992 ஒக்ரோபரில்தான் அது எடுபட்டது. அதுவும் அரைகுறையாக. மனைவி தானே முறைப்பாடு செய்தால்தான் வழக்கு. 2004 ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்துதான், வீட்டுக்குள் நடக்கிற வல்லுறவு, அடி, மிரட்டல் எல்லாவற்றையும் மனைவி கேட்காவிட்டாலும் அரசு தானாக விசாரிக்க வேண்டும் என்று வந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து இருபது வருசத்துக்குப் பிறகு! 83க்குப் பிறகு வந்தவர்கள், "ஊரிலைதான் மனிசிக்கு அடிக்கலாம், இஞ்சை ஏலாது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2004க்கு முன் இங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சூரிச்சில் பெண்கள் இயக்கத்தினர் 1979இல் காப்பகம் திறந்திருந்தார்கள்.

ஆனால் 2004இல் சட்டத்தைத் திறந்த கையே அதில் ஒரு பின்கதவும் வைத்தது. குற்றவியல் சட்டத்தின் 55அ பிரிவு. அடிவாங்கிய பெண் கேட்டால் வழக்கை நிறுத்திவைக்கலாம். ஆறு மாதத்துக்குள் அவள் மனதை மாற்றித் தொடரச் சொல்லாவிட்டால் வழக்கு அப்படியே மூடப்படும். பெண்ணின் விருப்பத்தை மதிக்கிறோம் என்பது அதன் நியாயம். அவளுக்குப் பக்கத்தில் யார் இருந்து அந்த விருப்பத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சட்டம் பார்க்கவில்லை. அந்தக் கதவால் ஏராளமான வழக்குகள் வெளியேறின. 2020 ஜூலையில் அதை மாற்றி, நிறுத்துவதா விடுவதா என்பதை அதிகாரிகளே எல்லாவற்றையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

இனி அட்டைக்கு வருவம். எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரியது அதுதானே. எஃப், பி, சி. ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது ஊர் எது என்பதற்கு அடுத்ததாக என்ன பெர்மிற் என்றுதான் கேட்போம்.

2007 முடியும்வரை வெளிநாட்டவருக்கான சட்டம் 1931ஆம் ஆண்டுச் சட்டம். சி பெர்மிற் உள்ளவரின் மனைவிக்கு வதிவிட உரிமை உண்டு, ஆனால் இருவரும் சேர்ந்து வாழும்வரைக்கும்தான். சேர்ந்து வாழும்வரை என்ற அந்தச் சொல் எவ்வளவு சின்னது. ஆனால் அடிவாங்குகிற பெண்ணுக்கு அதன் அர்த்தம், கதவைத் திறந்து வெளியே போனால் நாட்டைவிட்டே போக வேண்டும் என்பது. பி பெர்மிற்காரரின் மனைவிக்கு அந்த உரிமையும் இல்லை, அதிகாரி பார்த்துக் கொடுத்தால் உண்டு. 2000ஆம் ஆண்டு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று, 1992 முடிவதற்கு முன் வந்து வருசக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு பெர்மிற் கொடுத்தார்கள். பெரும்பங்கு எங்கள் ஆட்கள். அதற்குப் பிறகுதான் கனபேர் ஊரிலிருந்து பொம்பிளை எடுத்தார்கள். சீதனம், தாலி, கொழும்பில் தங்கி வீசா எடுத்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். வந்து இறங்கிய பெண்களின் கையிலிருந்த அட்டை கணவனின் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

2006 செப்ரெம்பரில் புதிய வெளிநாட்டவர் சட்டம் 68 வீத ஆதரவோடு நிறைவேறியது. அப்போது நீதி அமைச்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே புளோக்கர். சட்டமூலம் அவர் வருவதற்கு முந்தியது. ஆனால் மேடையேறி அதற்காக வாதாடியவர் அவர். எங்களுக்குக் கடுமையான சட்டம்தான். இருந்தாலும் அதற்குள்ளே 50ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. திருமணம் முறிந்தாலும், மூன்று வருசம் சேர்ந்து வாழ்ந்து, இந்த நாட்டோடு ஒத்து வாழப் பழகியிருந்தால் தொடர்ந்து இருக்கலாம். மூன்று வருசம் ஆகாவிட்டாலும் முக்கிய காரணம் இருந்தால் இருக்கலாம். முக்கிய காரணங்களில் குடும்ப வன்முறையும் ஒன்று. 2008 ஜனவரி 1 முதல்.

நல்லதுதானே என்பீர்கள். சட்டத்தின் வாசகத்தைப் பாருங்கள். பெண் வன்முறைக்கு ஆளானாள், 'அத்தோடு' சொந்த நாட்டில் திரும்ப வாழ்வது மிகவும் கஷ்டமாகத் தெரிகிறது. அந்த 'அத்தோடு'வைப் பிடித்துக்கொண்டு சில அலுவலகங்கள் இரண்டையும் நிரூபி என்று நின்றன. அடிவாங்கியது சரி, நீ ஊரில் போய் இருக்கலாம்தானே? 2009இல் சமஷ்டி நீதிமன்றம் இரண்டும் சேர்ந்து வரவேண்டியதில்லை, ஒன்றே போதுமானதாக இருக்கலாம் என்று தீர்த்தது. அதே தீர்ப்பில் இன்னொன்றையும் சொன்னது. வன்முறை ஒரு குறிப்பிட்ட அளவு கடுமையாக இருக்க வேண்டும். வாய்த்தர்க்கத்தில் ஒரு தடவை விழுந்த அறை போதாது என்ற வழியில்தான் பிறகு வந்த தீர்ப்புகளும் போயின. அந்தக் கடுமையை யார் காட்டுவது? அடிவாங்கியவள்தான். எதைக் கொண்டு? வைத்தியரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, காப்பகத்தின் கடிதம், தண்டனைத் தீர்ப்பு.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

2010 நவம்பர் 28. 'குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடுகடத்தும் முன்மொழிவு'. எஸ்.வி.பி இரண்டு இலட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்துக் கொண்டுவந்தது. தெருவெல்லாம் சுவரொட்டி. ஒன்றில் கண்ணுக்குக் கறுத்தப் பட்டி போட்ட ஒரு ஆம்பிளை. இவான் என்று பெயர், பாலியல் வல்லுறவுக்காரன், கெதியில் சுவிஸ்காரன் ஆகப்போகிறானா என்று கேள்வி. 52.9 வீதம் ஆம். நாங்கள் வாக்குப் போட முடியாதவர்கள், வேலை முடிந்து ரி.வியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. கொலை, வல்லுறவு, கொள்ளை, ஆட்கடத்தல், போதைப்பொருள், வீடுடைப்பு, சமூக உதவிப் பணத்தில் மோசடி. செய்தவனுக்கு வதிவிட உரிமை போகும், ஐந்து தொடக்கம் பதினைந்து வருசம் நாட்டுக்குள் வர ஏலாது.

அதில் எது எப்போது எப்படி நடைமுறைக்கு வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. உண்மையில் ஆறு வருசமாக வரவில்லை. ஆனால் அடுத்த நாளே எங்கள் குசினியில் சட்டம் வந்துவிட்டது. "இனிக் கையை நீட்டினாலும் ஏத்திப்போடுவாங்கள்" என்றார் ஒருவர். படம் காட்டிய அண்ணை ஒன்றும் சொல்லவில்லை.

2011 பெப்ரவரியில் ஒரு இரவு, கடை பூட்டுகிற நேரம், பின்கதவில் அவருடைய மனிசி நின்றார். பிள்ளை தூக்கத்தில் தோளில். அண்ணைக்கு அன்று லீவு. 2009 ஒக்ரோபரில் ஊரிலிருந்து வந்தவர், என்னிலும் இரண்டு மூன்று வயது கூட. கன்னம் வீங்கியிருந்தது. முதல்நாள் பக்கத்து வீட்டுக் கிழவி பொலிசுக்கு அடித்திருக்கிறா. பொலிஸ் வந்து, அவர்கள் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"தம்பி, உமக்கு டொச் தெரியும்தானே, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காச் சொல்லுமன்" என்றார்.

பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆலோசனை நிலையத்தின் விலாசம், தொலைபேசி எண். இலவசம். யாருக்கும் சொல்லமாட்டார்கள். 1993இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்றால் ஒவ்வொரு கன்ரோனிலும் வைத்திருக்க வேண்டிய நிலையம் அது. என் டொச் அவ்வளவு திறமில்லை, ஆனால் இலவசம் என்ற சொல்லும் இரகசியம் என்ற சொல்லும் எனக்கு விளங்கியது.

நான் சொன்னது: "அக்கா, உதுக்குப் போனா பேப்பர் எல்லாம் பெர்மிற் கந்தோருக்குப் போகும். புதுச் சட்டம் வந்திட்டுது. அவரை அனுப்பினா உங்களையும் பிள்ளையையும் சேர்த்துத்தான் அனுப்புவாங்கள்."

பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்து நான் சொல்லவில்லை. பாதி நம்பினேன். மற்றப் பாதி, வேலை எடுத்துத் தந்த மனிசனின் வீட்டுக்குப் பொலிஸ் போகக் கூடாது என்பது. சில கிழமை கழித்து அரச வழக்குத்தொடுநரிடமிருந்து அவவுக்குக் கடிதம் வந்தது. வழக்கை நிறுத்திவைக்க விருப்பமா என்று. அண்ணையே என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, எங்கே கையெழுத்து வைப்பது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். ஆறு மாதத்தில் வழக்கு மூடுப்பட்டது.

2012 ஜூலையில் அவ பிள்ளையோடு காப்பகத்துக்குப் போனா. எண்ணிப் பாருங்கள். 2009 ஒக்ரோபர் தொடக்கம் 2012 ஜூலை வரை. மூன்று வருசத்துக்கு மூன்று மாதம் குறைவு. வதிவிட அனுமதி நீடிக்க முடியாது என்று கடிதம் வந்தது. வன்முறை என்கிறீர், அதன் கடுமை நிரூபிக்கப்படவில்லை. முறைப்பாடு நிறுத்தப்பட்டிருக்கிறது. வைத்தியரின் கடிதம் இல்லை. ஆலோசனை நிலையத்துக்குப் போகவில்லை. அதாவது, நான் போகவேண்டாம் என்று சொன்ன இடமும் நான் காட்டிய கையெழுத்தும்தான் அவவுக்கு எதிரான சாட்சி. அவ போயிருந்தால் அந்தப் பேப்பர்தான் அவவைக் காப்பாற்றியிருக்கும். அண்ணை அதே வீட்டில், அதே சி பெர்மிற்றோடு, அதே குசினியில் இருந்தார். அவரை ஒருவரும் எங்கேயும் அனுப்பவில்லை.

மேன்முறையீடு, மேல் மேன்முறையீடு. பக்கத்து வீட்டுக் கிழவி எழுதிக் கொடுத்தா. பிள்ளையின் பாலர் பாடசாலை ஆசிரியை எழுதிக் கொடுத்தா. 2015இல்தான் அனுமதி கிடைத்தது. நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. என்னை ஒருவரும் கேட்கவுமில்லை.

இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். படித்தபோதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. 2007 ஜனவரி வரை பழைய குற்றவியல் சட்டத்தில் ஒரு நீதிபதி வெளிநாட்டவரை நாட்டைவிட்டு வெளியேற்றித் தீர்ப்புச் சொல்லலாம். அந்த அதிகாரத்தை எடுத்து, குடிவரவு அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அலுவலகம் ஒரு வருசத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை என்றால் பெர்மிற்றைப் பறிக்கலாம் என்று 2009இல் சமஷ்டி நீதிமன்றம் கோடு போட்டது. அதாவது வல்லுறவு செய்தவனை அனுப்பச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கறுத்த ஆட்டுப் படம் வந்தபோதும் இருந்தது.

சரி, 2010இல் வாக்குப் போட்டது எப்போது சட்டமானது? பாராளுமன்றம் 2015இல் எழுதி முடித்தது. அது போதாது, நீதிபதிக்கு யோசிக்கவே இடம் விடக்கூடாது என்று எஸ்.வி.பி இன்னொரு முன்மொழிவைக் கொண்டுவந்தது. 2016 பெப்ரவரி 28இல் அதை 58.9 வீதம் பேர் தூக்கி எறிந்தார்கள். அன்றைக்குக் கடையில் சுவிஸ் வேலைக்காரப் பெடியன் ஒருவன் எல்லாருக்கும் கோப்பி போட்டுக் கொடுத்தான். 2016 ஒக்ரோபர் 1 தொடக்கம் 66அ பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அந்தத் திகதிக்குப் பிறகு செய்த குற்றங்களுக்குத்தான்.

அந்தப் பட்டியலை ஒருக்கால் ஆறுதலாக வாசியுங்கள். பாலியல் வல்லுறவு இருக்கிறது, மனைவியைச் செய்தாலும். பாரதூரமான உடற்காயம் இருக்கிறது. கட்டாயக் கல்யாணம் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் புகுந்து களவெடுத்தால் கட்டாய வெளியேற்றம். சமூக உதவிப் பணத்தில் மோசடி செய்தால் வெளியேற்றம். ஆனால் குடும்ப வன்முறையில் பெரும்பாலும் வழக்காகிற மூன்று குற்றங்களான சாதாரண உடற்காயம், மிரட்டல், பலவந்தப்படுத்தல் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. நீதிபதி விரும்பினால் 66அ bis என்று சொல்லக்கூடிய விருப்பப் பிரிவின் கீழ் அனுப்பலாம், அவ்வளவுதான். அந்நியன் வீட்டுக் கதவை உடைத்தால் நாடு கடத்தல், சொந்த மனிசியின் கையை முறுக்கினால் பெரும்பாலும் தண்டப்பணம். பெண்களைப் பாதுகாக்கிறோம் என்று படம் ஒட்டியவர்கள் யாரின் வீட்டைப் பாதுகாத்தார்கள் என்று நினைக்கிறேன். அடிவாங்குகிறவர்கள் எல்லாரையும் கட்டாயமாக அனுப்ப வேண்டும் என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். கட்டாயம் என்று வந்தால் அந்தக் கதவு இன்னும் இறுகப் பூட்டுப்படும், எந்தப் பெண் பொலிசுக்கு அடிப்பாள்? அனுப்பினாலும் ஆள் போய் இறங்குகிற இடத்தில் பெண்கள் இல்லையா? இலங்கையில் 1995இல் குற்றவியல் கோவையைத் திருத்தியபோது, நீதிமன்றத்தால் பிரிந்திருக்கிற மனைவியைத் தவிர மற்ற மனைவியரை வல்லுறவுச் சட்டத்துக்கு வெளியே விட்டார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட அகதியைத் துன்புறுத்தப்படும் நாட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது சர்வதேசச் சட்டம், சுவிஸ் அரசியலமைப்பிலும் இருக்கிறது. ஆகவே நீதிமன்றம் வெளியேற்றம் என்று தீர்த்தாலும் 66ஈ பிரிவின்படி அதை நிறைவேற்றாமல் ஒத்திவைக்கலாம். ஆனால் தீர்ப்பு இறுதியானவுடன் தஞ்சம் முடிந்துவிடும். எஃப் இருந்தால் எஃப்பும் முடிந்துவிடும். போகவும் முடியாது, இருக்கவும் அட்டை இல்லை. வேலை செய்ய ஏலாது. அவசர உதவி என்று நாளுக்குச் சில பிராங், படுக்க ஒரு முகாம். அப்படியொருவர் எங்கள் கடைப் பின்கதவுக்கு வந்து சாப்பாடு கேட்பார். என்ன குற்றம் என்று நான் கேட்டதில்லை. சோறு கொடுப்பேன். வல்லுறவு செய்தவன் என்றால் கொடுப்பேனா? அதையும் யோசித்திருக்கிறேன். கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன், முகத்தைப் பார்க்காமல்.

அவரின் மனைவியின் அட்டை? கணவனின் பெர்மிற் விழுந்தால் அதில் தொங்கிய அட்டைக்கும் பிடி போகும். அப்போது அவள் 50ஆம் பிரிவுக்குத்தான் வரவேண்டும். அந்தப் பிரிவோ 2024 முடியும்வரை சுவிஸ்காரர், சி பெர்மிற்காரரின் துணைகளுக்குத்தான் உரிமை கொடுத்தது. பி பெர்மிற்காரரின் மனைவிக்கு அதிகாரியின் மனம். எஃப்காரரின் மனைவிக்கு அதுவும் இல்லை. 2018 ஏப்ரலில் குடும்ப வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் உடன்படிக்கை சுவிசுக்கு நடைமுறைக்கு வந்தபோது, அரசு 59ஆம் பிரிவுக்கு நாங்கள் முழுதாக உடன்படவில்லை என்று எழுதி வைத்தது. 59 என்ன? வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குக் கணவனைச் சாராத வதிவிட உரிமை.

2024 ஜூலையில் பாலியல் குற்றச் சட்டம் மாறியது, மாட்டேன் என்றால் மாட்டேன்தான், பயத்தில் உறைந்துபோய் இருந்தாலும் அது சம்மதமில்லை. 2025 ஜனவரி 1இல் 50ஆம் பிரிவும் மாறியது. இப்போது பி, எஃப் எல்லோரின் துணைகளுக்கும் பொருந்தும், கல்யாணம் கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும். எதைச் சான்றாக எடுக்கலாம் என்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆலோசனை நிலையத்தின் உறுதிப்படுத்தல், காப்பகத்தில் தங்கியது, வைத்தியரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, முறைப்பாடு. தண்டனைத் தீர்ப்பு இருந்தால்தான் என்றில்லை. ஆம்பிளையை அனுப்புகிற சட்டம் 2010இல் கேட்டு 2016இல் வந்தது. பொம்பிளையை இருக்கவிடுகிற சட்டம் 2008இல் பாதி வந்து, மீதி வரப் பதினேழு வருசம்.

எங்கள் ஆம்பிளைகளைப் பற்றியும் ஒன்று. இந்தக் கதைகளைத் தொடங்கினால் உடனே, "அவங்கள் எங்களைக் கறுத்த ஆடு எண்டு சொல்றாங்கள், நீயும் அவங்களுக்கு எடுத்துக் குடுக்கிறியோ" என்பார்கள். அந்தப் படம் கேவலமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்து, அதைக் காட்டிக் காட்டித்தான் எங்களில் சிலர் மனிசிமாரின் வாயை அடைத்தோம். 'சிலர்' என்பதில் நானும் அடக்கம். எஸ்.வி.பிக்குத் தமிழில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்கவில்லை. நானே சம்பளமில்லாமல் செய்தேன்.

போன வைகாசியில் ஒரு சாமத்திய வீட்டில் அக்காவைக் கண்டேன். முதியோர் இல்லத்தில் வேலை. மகன் என் தோளுயரம். அவவின் டொச் இப்போது என்னுடையதைவிடத் திறம். சட்டம் மாறினதைப் பற்றிச் சொன்னேன். தெரியும், வேலைத்தலத்துப் பிள்ளை ஒன்றுக்குத் தான்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்து கொடுத்ததாகச் சொன்னா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டா.

"தம்பி, அண்டைக்கு அந்தத் துண்டிலை உண்மையா என்ன எழுதியிருந்தது?"

சொன்னேன். விலாசம். தொலைபேசி எண். இலவசம். யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

"நம்பர்தானே. அது எனக்கும் வாசிக்கத் தெரியும்தானே தம்பி" என்றா.

பிறகு பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவ மகனைத் தேடிக்கொண்டு போனா. நான் வெளியே வந்து கார் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.